இரண்டு வாரத் தொண்டும் பிள்ளைகளின் பசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி முடித்த இளைஞர்கள் வெளிநாடு சென்று குழந்தைகளுக்கான உணவுத் திட்டங்களில் தொண்டு செய்வது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முகவர் நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்தி, ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ இரண்டு வாரம் தங்கித் தொண்டு செய்து திரும்பும் வழிகளை அது விளக்கியிருந்தது. டோக்கியோவின் எடோகாவா வட்டாரத்தில் குடும்பத்துடன் வசிக்கும் நான், பிள்ளைகளுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ உணவு தரும் அருகிலுள்ள பிள்ளைகள் உணவகம் ஒன்றில் சமையலுக்கு உதவி வருகிறேன். அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட ஒரு பக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். வேலைக்காக வெளிநாட்டில் ஏற்கெனவே குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பணி அவர்கள் தெருவிலேயே இருக்கிறது. மாதந்தவறாமல் வந்து நிற்கும் ஆட்களுக்குத்தான் அங்கே பஞ்சம்.

ஜப்பானிலா பசித்த பிள்ளைகள் என்று ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள் கேட்கிறார்கள். அந்நாட்டு அரசின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டு நிலவரத்தில் பிள்ளைகளில் 11.5 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நாட்டு மக்களின் வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் வருமானத்தில் பாதியே இந்தக் கோடு. தாயோ தந்தையோ தனியாக நின்று பிள்ளை வளர்க்கும் வீடுகளில் இது 44.5 விழுக்காடாக இருந்தது. அந்தத் தாய்மார்கள் வேலையில்லாமல் இருப்பவர்கள் அல்லர், பெரும்பாலோர் உழைக்கிறார்கள். மணிக்கணக்கில் கூலி பெறும் பகுதிநேர வேலைகளில் வாடகை கட்டியது போக மிஞ்சுவது குறைவு. மாலை நேரத்தில் வீட்டில் இருக்கவும் முடிவதில்லை. பள்ளிகளில் மதிய உணவு மிகச் சிறப்பாகவே வழங்கப்படுகிறது. ஆனால் இரவு உணவுக்கும், சனி ஞாயிறுக்கும், ஏறத்தாழ நாற்பது நாள் நீளும் கோடை விடுமுறைக்கும் அந்தப் பள்ளிச் சமையலறையால் ஒன்றும் செய்ய இயலாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கொடொமோ ஷொகுதோ எனப்படும் பிள்ளைகள் உணவகங்கள் தோன்றின. டோக்கியோவின் ஓட்டா வட்டாரத்தில் காய்கறிக் கடை நடத்திவந்த கொந்தோ ஹிரோகோ என்ற பெண்மணி 2012-இல் இந்தப் பெயரோடு முதல் உணவகத்தைத் தொடங்கினார். பள்ளி மதிய உணவைத் தவிர ஒரு வாழைப்பழத்தை மட்டுமே உண்டு நாளைக் கழிக்கும் குழந்தை ஒன்று இருக்கிறது என்று அருகிலிருந்த தொடக்கப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் சொன்னதுதான் தூண்டுதல். தொடக்கத்தில் எந்த அரசாணையும் இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை. 2016-இல் நாடு முழுவதும் சில நூறாக இருந்த இவ்வுணவகங்கள் 2024-இல் பத்தாயிரத்தைத் தாண்டின. அதாவது, அரசு நடுநிலைப் பள்ளிகளின் எண்ணிக்கையையும் மிஞ்சிவிட்டன. கோயில்களிலும், பொது மண்டபங்களிலும், மூடிக்கிடந்த கடைகளிலும், தனிவீடுகளின் கூடங்களிலும் இவை நடக்கின்றன. பிள்ளைகளுக்கு இலவசம் அல்லது நூறு யென். பெரியவர்களுக்குச் சில நூறு யென்.

பெரும்பாலான உணவகங்களில் யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. அப்பா எங்கே, அம்மா என்ன வேலை என்று விசாரிப்பதும் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளையும், தனியாக வாழும் பாட்டியும், வீட்டில் சமைக்க ஆளில்லாத சிறுமியும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். உண்மையிலேயே தேவையுள்ளவர்களுக்குப் போய்ச் சேருமா என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனாலும், ஏழைகளுக்கு மட்டும் என்று வாசலில் எழுதிவைத்தால் அந்தச் சிறுமி அந்தத் தெருப்பக்கமே வரமாட்டாள். வகுப்புத் தோழி பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் பத்து வயதில் பசியைவிடப் பெரியது. எனவே கேள்வி கேட்காத இந்த வழக்கமே சரியென்று உறுதியாகக் கருதுகிறேன். தொண்டு செய்ய வருபவர் முதலில் பழகவேண்டியதும் இதுவே: எந்தப் பிள்ளை ஏழை என்று தேடும் கண்ணை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

மற்றபடி வேலை என்பது சமையலறை வேலைதான். காலையில் நுழைந்ததும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்: காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, கையில் வெட்டுக்காயம் இல்லை, வீட்டில் யாருக்கும் வாந்தி இல்லை. குளிர்காலத்தில் வாந்திபேதி உண்டாக்கும் நோரோ வைரஸ் பரவும் நாட்டில் இது வெறும் சடங்கு ஆகாது. சமைக்கும் ஒருவரிடமிருந்து அன்று உண்ட அத்தனை பிள்ளைகளுக்கும் அது தொற்றிவிடக்கூடும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, பக்வீட் என்னும் தானியம், நிலக்கடலை, வால்நட் போன்றவை இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பொட்டலத்தின் பின்புறத்திலும் படித்துப் பார்த்த பிறகே அடுப்பு மூட்டுவோம்.

ஜப்பானியப் பிள்ளைகள் விரும்பி உண்ணும், ‘கரி ரைஸ்’ எனப்படும் கறிச்சோற்றின் குழம்பு, கடையில் விற்கும் மசாலாக் கட்டியைக் கரைத்துச் செய்யப்படுவது. அந்தக் கட்டியில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். எங்கள் உணவகத்துக்கு வரும் ஒரு சிறுவனுக்குக் கோதுமை ஒவ்வாது. அவனுக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, ஓரமாக ஒரு தட்டு. வெங்காயத்தையும் தக்காளியையும் நன்றாக வதக்கி, மைசூர்ப் பருப்பைக் குழைய வேகவிட்டு, மிளகாய் சேர்க்காமல் குழம்பைக் கெட்டியாக்கும் நம் வீட்டு முறையை அங்கே சொன்னேன். பெருங்காயத்தை மட்டும் விட்டுவிட்டோம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அன்று அவனும் எல்லோருக்கும் வைத்த பாத்திரத்திலிருந்தே வாங்கிச் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் வரிசையில் வந்து நின்றான். இப்போது கறிச்சோறு போடும் நாளெல்லாம் இந்தக் குழம்புதான்.

வெளிநாட்டவரால் செய்யக்கூடிய இன்னொரு உதவியும் உண்டு. நேபாளம், வியட்நாம், சீனா ஆகிய நாடுகளிலிருந்து பெற்றோருடன் வந்த பிள்ளைகள் எங்கள் பகுதியில் ஏராளம். பள்ளியிலிருந்து வரும் ஜப்பானியக் கடிதங்களை அவர்கள் வீட்டில் படிக்க ஆளிருப்பதில்லை. அதே கடிதங்களோடு திண்டாடித் தேறிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாளைக்குக் கொண்டுபோக வேண்டியது நீச்சலுடையா, ஓவியப் பெட்டியா என்று சொன்னால், அந்தக் குழந்தை மறுநாள் வகுப்பில் கூசி நிற்க வேண்டியிராது.

இனி, இரண்டு வாரத் தொண்டைப் பற்றி. நல்லெண்ணத்தோடு புறப்படும் இளைஞர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் சமையலறை ஒழுங்குகளைக் கற்றுக்கொள்ளவே இரண்டு வாரம் போதாது. கற்றுக்கொடுப்பதற்காக அங்குள்ளவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் நிலையாக இல்லாத பிள்ளை, சிரித்துப் பேசும் அக்கா ஒருத்தியிடம் ஒட்டிக்கொண்ட பிறகு அவள் விடைபெற்றுப் போய்விட்டால், அடுத்து வருபவரை நம்பத் தயங்குகிறது. கட்டணமாகச் செலுத்தும் தொகையில் எவ்வளவு அரிசியாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குமாறு, அந்தக் கட்டுரை இளைஞர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வலைத்தளங்களில் போடக் கூடாது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் உணவகத்தில் தட்டுகளைப் படமெடுக்கலாம், முகங்களை எடுப்பதில்லை.

இங்குள்ள நம்மவர் அமைப்புகளிடமும் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரிய தொகை திரட்டிப் பதாகையோடு வழங்குவதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உணவகத்தை நடத்துபவருக்குத் தேவைப்படுவது, அடுத்த மாதமும் அரிசி வரும் என்ற உறுதி. 2024-இலிருந்து ஜப்பானில் அரிசி விலை தாறுமாறாக ஏறி, கடைகளில் ஐந்து கிலோப் பை ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்காகி 4,000 யென்னைத் தாண்டியபோது, சனிக்கிழமைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிக் கவலைப்பட்டவர்களை அருகிலிருந்து பார்த்தேன். அதற்காக யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பாதிச் சோற்றுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு வைத்தார்கள். மாதம் ஒரு மூட்டை அரிசியைப் பத்துக் குடும்பங்கள் முறைவைத்து ஏற்றுக்கொண்டால், விழா நாளில் தரும் காசோலையைவிட அது அவர்களுக்குப் பெரிதும் உதவும்.

எங்கள் எடோகாவா வட்டாரத்தின் நிஷி-கசாய் பகுதியிலும் அதைச் சுற்றியும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு எங்கே போய்க் கேட்பது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் சமூகநல மன்றம் இருக்கிறது. அங்கே தன்னார்வலர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அருகிலுள்ள பிள்ளைகள் உணவகம் எது, எந்த நாளில் ஆள் தேவை என்பதை அவர்கள் சொல்வார்கள். ஆண்டுக்குச் சில நூறு யென்னில் தன்னார்வலர் காப்பீடும் அங்கேயே எடுக்கலாம். ஜப்பானிய மொழி சரளமாக வராதவர்களும் தயங்க வேண்டாம். பாத்திரம் கழுவும் இடத்தில் எப்போதும் ஆள் குறைவு. இந்த விவரங்களையும் தங்கள் நாளிதழ் வெளியிட்டால், அயல்நாட்டில் வாழும் வாசகர்கள் பலருக்குப் பயன்படும்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
எடோகாவா, டோக்கியோ