மதர்போர்டைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

ஆசிரியருக்கு,

வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, ஆன் ஆகவில்லையென்றால் மதர்போர்டு போய்விட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அதை நம்பி நல்ல போர்டைக் கழற்றுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். மதர்போர்டைத் தனியே சோதிக்க வீட்டில் வழியில்லை. மற்ற எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் பழி அதன்மேல் போக வேண்டும்.

ஃபேன்கூடச் சுற்றவில்லையா, சுற்றியும் படம் வரவில்லையா என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

சுற்றவே இல்லையென்றால், கேபினட்டின் பவர் பட்டன் வயரைப் போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஓடினால் பட்டன்தான் கெட்டது. ஓடாவிட்டால், எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பக்கம் போகலாம். மெயின் சுவிட்ச் போட்டதுமே, அதிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரின் ஊதா வயரில் (9ஆம் பின்) 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் எஸ்எம்பிஎஸ் அவுட்.

அதே கனெக்டரின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று பலர் சொல்வது பாதி உண்மை. சுமையில்லாதபோது சரியாகக் காட்டும் எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு கரண்ட் இழுக்கும்போது படுத்துவிடும். கேம் ஓடும்போது மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் மாடல்களில் பின் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஃபேன் சுற்றியும் படம் வராததற்குக் கவனப்பிசகே காரணமாக இருப்பது அதிகம். பிராசஸருக்கு மின்சாரம் தரும், அதன் அருகிலுள்ள 8 பின் கனெக்டரைச் செருக மறந்திருப்பார்கள். அல்லது கிராபிக்ஸ் கார்டு இருக்க, மானிட்டர் கேபிளைப் போர்டில் மாட்டியிருப்பார்கள். இன்டெல்லில் எண்ணின் முடிவில் 'எஃப்' உள்ள பிராசஸர்களில் உள்கிராபிக்ஸே (கார்டு இல்லாமலே படம் காட்டும் பகுதி) கிடையாது. போர்டில் மாட்டினால் எப்படி வரும்?

இவை சரியென்றால் டிஸ்க், யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம் மட்டும் வைத்து ஓட்டுங்கள். உள்கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டு இருக்கட்டும். ராமை எந்த ஸ்லாட்டில் போடுவது என்று போர்டு மேனுவலில் இருக்கும். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது. டிடிஆர்5 வகை ராமும் போர்டும் முதல்முறை ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையே இருக்கும். பொறுமையில்லாமல் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து. போர்டில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து தொடங்குவது) என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறதோ அங்கிருந்து தேடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேங் ஆனால், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஓட்டலாம். பிழை காட்டினால், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆஃப் செய்து மீண்டும் ஓட்டுங்கள். பிழை மறைந்தால் ராம் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, அந்த வேகம்தான் ஒத்துவரவில்லை.

இன்னொன்றையும் கட்டுரை விட்டுவிட்டது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிச் சோதிக்கும்போது பழையதன் கழற்றி மாட்டும் கேபிள்களைப் புதியதில் செருகக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி இல்லை. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் கருகிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்