அந்தப் பிள்ளையிடம் நன்றியை எதிர்பார்க்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் ‘சம்மர் 1993’ என்ற ஸ்பெயின் நாட்டுப் படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் படத்தைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் நடிப்பைப் புகழ்ந்திருக்கிறார், எல்லாம் சரி. ஆனால் நடுவில் ஒரு வசனம் வருகிறது. எங்கள் பண்பாட்டில் பெற்றோரை இழந்த பிள்ளையை உறவினர் கைவிடுவதில்லை, ஆகவே இவ்வளவு அன்பாக வைத்திருக்கும் மாமன் வீட்டில் அந்தச் சிறுமி பிடிக்கும் அடம் நமக்கு நன்றி கெட்டதனமாகவே தெரியும் என்கிறார். அந்த வசனத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தயவுசெய்து அந்த ‘நமக்கு’ என்பதில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

நான் மட்டக்களப்பு நொச்சிமுனையில் இருக்கிறேன். 2004 டிசம்பர் 26 காலை, சுனாமியில், கடலோர நாவலடியில் என் அக்காவைக் கடல் கொண்டுபோனது. பாடசாலை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றதால் அவருடைய மகள் தப்பினாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. விடுமுறைக்கு என்று தாய் உடுப்பு அடுக்கிக் கொடுத்த பையை அதன்பின் பல மாதங்களாக அவள் யாரையும் அவிழ்க்க விடவில்லை. என் மகளின் சட்டைகளைப் போட்டுக்கொள்வாள். அந்தப் பை மட்டும் சிப் பூட்டியபடி கட்டிலுக்குக் கீழே இருக்கும். கூட்டுவதற்காக நான் அதை நகர்த்தினால்கூட ஓடிவந்து பழைய இடத்திலேயே வைப்பாள்.

அழவில்லை. அதுதான் எல்லாருக்கும் உறுத்தியது. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாம் தவணை தொடங்கிய கொஞ்ச நாளில் என் மகளின் வெள்ளைச் சப்பாத்து இரண்டையும் கிணற்றுக்குள் போட்டாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. ஊரே தேடி வந்து எனக்கு அனுதாபம் சொன்னது: “நீ இவ்வளவு பார்க்கிறாய், அதற்கு ஒரு நன்றி இல்லையே.” பாடசாலையில் ஓர் ஆசிரியை இதை அவளுடைய முகத்துக்கு நேரேயே சொன்னா. உங்கள் கட்டுரையாளரின் வசனத்தைப் படித்தபோது அந்தக் குரல்கள் எல்லாம் ஒன்றாகக் கேட்டன.

படத்தை அக்காவின் மகள்தான் தன் மடிக்கணினியில் எனக்குப் போட்டுக் காட்டினாள். ஆங்கில எழுத்தைப் படித்துப் படித்துச் சொன்னாள். ஆறு வயது ஃப்ரிடாவின் தகப்பன் முன்பே இறந்துவிட்டான், இப்போது தாயும் இல்லை. பார்சிலோனாவிலிருந்து அவளைக் கிராமத்தில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே மாமன், மாமி, அவளைவிடச் சின்னவளான அவர்களுடைய மகள். தாய் எய்ட்ஸால் இறந்தவள். ஃப்ரிடா விழுந்து காலில் ரத்தம் வந்ததும் இன்னொரு தாய் பதறிப்போய்த் தன் பிள்ளையை அப்பால் இழுக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு எதுவும் விளக்கிச் சொல்லப்படவில்லை, ஆனால் எல்லாரும் தன்னை ஒரு மாதிரிப் பார்ப்பது அவளுக்குத் தெரிகிறது. சின்னவளைக் காட்டுக்குள் விட்டுவிட்டு வருகிறாள். தோப்புக்குள் இருக்கும் மாதா சிலைக்கு, தாய்க்கென்று பொருட்களைக் கொண்டுபோய் வைக்கிறாள். இதில் எங்கே நன்றி கெட்டதனம் இருக்கிறது? தாய் திரும்பி வரக்கூடும் என்று நினைக்கும் பிள்ளை புது வீட்டில் குடியேற மறுக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கட்டுரையாளர் எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். இயக்குநர் கார்லா சிமோன் தன் ஆறாவது வயதில் தாயை இழந்து மாமன் குடும்பத்தில் வளர்ந்தவர். அதைத்தான் படமாக எடுத்தார். 2017 பேர்லின் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. நன்றி கெட்ட பிள்ளை என்று உங்கள் கட்டுரையாளர் தீர்ப்புச் சொன்ன சிறுமிதான் வளர்ந்து இந்தப் படத்தை எடுத்திருக்கிறார். வளர்த்த மாமியை எவ்வளவு மதிப்போடு காட்டியிருக்கிறார் என்பதைக் கண் உள்ள எவரும் காணலாம். அந்த மாமி தெய்வமாக வருவதில்லை. கோபப்படுகிறாள், களைத்துப்போகிறாள், தன் பிள்ளைக்காகப் பயப்படுகிறாள். ஆனால் தாய் எப்படிச் செத்தாள் என்று ஃப்ரிடா கடைசியில் கேட்கும்போது மழுப்பாமல் பதில் சொல்கிறாள். நானும் அப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொன்னவள். அந்தக் காட்சியில் நானும் அக்காவின் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

இறுதிக் காட்சியில் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று அழுவதற்குக் காரணம் காட்டப்படவில்லை என்பது கட்டுரையாளர் சொல்லும் இன்னொரு குறை. ஐயா, அக்காவின் மகள் பெரியபிள்ளையானபோது உறவு எல்லாம் கூடி, மாமிமார் தண்ணீர் வார்த்து, வாசலில் பெண்கள் குரவை போட்டார்கள். எங்கள் பக்கத்துக் குரவை எப்படி எழும்பும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் விம்மி விம்மி அழுதாள். தாய் போனபின் அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். நல்ல காரியத்தில் அழக்கூடாது என்று சிலர் அதட்டினார்கள். ஏன் பிள்ளை அழுகிறாய் என்று கேட்டேன். “தெரியா சின்னம்மா” என்றாள். ஃப்ரிடாவும் தனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறாள். இதற்குமேல் என்ன காரணம் காட்ட வேண்டும்?

சரி, பண்பாட்டுக்கு வருவோம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடு பெண்ணுக்குத்தான் என்பது நீங்கள் அறியாததல்ல. மூத்தவளுக்குத் தாய்வீட்டைச் சீதனமாக எழுதிவிட்டு, அடுத்தவளுக்குப் பெற்றோர் வீடு கட்டத் தொடங்குவார்கள். நாவலடி வீடு அக்காவுக்கும் நொச்சிமுனைக் காணி எனக்கும் அப்படித்தான் வந்தன. சுனாமிக்குப் பின் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். தெற்கில் அது 100 மீற்றர். நாவலடிக் குடும்பங்களுக்குத் திராய்மடுவில் வீடு கொடுத்தார்கள். படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அத்தானின் பெயர் ஏறியது. அக்காவின் சீதன உறுதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் நின்றேன். இறந்தவருக்கு எப்படி வீடு கொடுப்பது என்று கேட்டார் அங்கிருந்தவர். இறந்தவருக்காக நான் கேட்கவில்லை, அவருடைய மகளுக்காகக் கேட்டேன். அத்தான் பிறகு வேறு கல்யாணம் செய்தார். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் வீடும் அந்தக் குடும்பத்தோடு போனது. தாயோடு சேர்த்துத் தாய் வழியில் வரவேண்டிய வீட்டையும் இழந்த பிள்ளை அவள். பண்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் ஒரு நாள் எழுதட்டும். இதைப் பற்றி அந்தக் காலத்திலேயே உங்கள் பத்திரிகைக்கு எழுதினேன். வெளிவரவில்லை.

பத்திரிகைகள் அப்போது வேறு வேலையாக இருந்தன. கல்முனை வைத்தியசாலையில் சுனாமி நாளில் 81ஆவதாகப் பதியப்பட்ட கைக்குழந்தைக்கு அந்த எண்ணையே பெயராக்கினார்கள். பெற்றோர் யார் என்று 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரை உலகத்துக் கமராக்கள் எல்லாம் அதன்மேல் விழுந்து கிடந்தன. அம்பாறை மாவட்டத்தில் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தப்பிய பிள்ளைகளை யார் தூங்க வைத்தார்கள், அவர்களுடைய பிறப்புச் சான்றிதழுக்கும் பாதுகாவலர் கடிதத்துக்கும் யார் அலைந்தார்கள் என்று கேட்டு ஒருவரும் வரவில்லை. டிசம்பரில் வருகிறீர்கள், நினைவுத்தூபிக்குப் பக்கத்தில் அழுகிறவர்களைப் படம் எடுக்கிறீர்கள், போகிறீர்கள்.

இன்றைக்கும் உங்கள் பிரதேசச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வருவது என்ன? ‘பெற்றோரை இழந்த மாணவர்களுக்குக் கற்றல் உபகரணங்கள் வழங்கிவைப்பு.’ மாலை போட்ட பெரியவர்கள் ஒரு பக்கம், கொப்பிக்கட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி கமராவைப் பார்க்கச் சொல்லப்பட்ட பிள்ளை மறுபக்கம். கீழே பிள்ளையின் பெயர், பாடசாலை, கிராமம். அக்காவின் மகளும் அப்படி நின்றவள். கொடுப்பவருக்கு வசதியாக, பிள்ளையைச் சிரிக்கச் சொன்னார்கள். அந்தப் படம் வந்த பத்திரிகையை வகுப்பில் ஒரு பிள்ளை கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டியது. மறுநாள் பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொப்பிகளில் ஒன்றில்கூட அவள் எழுதவில்லை. நன்றியைப் பிள்ளைகளிடம் முதலில் கேட்டு வாங்கியது இந்தப் படங்கள்தான். உங்கள் கட்டுரையாளருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அக்காவின் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். கட்டுரையை முதலில் படித்தவளும் அவள்தான். எதுவும் சொல்லாமல் பத்திரிகையை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனாள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

என் கோரிக்கை பெரிதல்ல. உதவி வழங்கும் செய்திகளில் பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் பாடசாலையையும் போடாதீர்கள். கொடுத்தவரின் படம் அவசியம் என்றால் அவரை மட்டும் போடுங்கள். அடுத்த ஞாயிறு முதல் இதைச் செய்ய யாருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை. இந்தக் கடிதத்தைக் கட்டுரையாளரிடமும் கொடுங்கள். படத்தை அவர் இன்னொரு தடவை பார்க்கட்டும், இம்முறை அந்த மாமியின் பக்கம் நின்று. வெளியிடுவதானால் என் பெயரையும் முகவரியையும் தவிர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
நொச்சிமுனை, மட்டக்களப்பு.