ஸ்ட்ராபெரி தோட்டத்துக்கு மேலே ஒரு காடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் பேருந்துகள் நிறைந்து செல்வதும், ஸ்ட்ராபெரியும் சோளமும் தேயிலைப் பொட்டலமுமாக மாலையில் அவை இறங்கி வருவதும் வழக்கம். செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்ற நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போய் வந்தேன். சென்ற மாதம் மகன், பேத்தி ஆகியோருடன் வழிகாட்டி ஒருவர் துணையோடு, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் மேலே, 2,110 மீட்டர் உயரமுள்ள ஈராவ் மலைப் பாதையில் ஒரு பகல் முழுவதும் கழித்தேன்.

பாதை என்பது பெரும்பாலும் வேரும் சேறும்தான். 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குளிர் கூடும். அங்கே மேகமே தரையில் தவழ்வதால், அந்த ஈரத்தை உறிஞ்சிய பாசி அடிமரம் முதல் கிளை நுனிவரை போர்த்தியிருக்கிறது. மரங்கள் குட்டையாகவும் முறுக்கேறியும், இலைகள் சிறுத்துத் தடித்தும் காணப்படுகின்றன. மட்கிய புளிப்பு மண்ணில் சத்துக் குறைவு என்பதால், நம் மலாய் நண்பர்கள் ‘பெரியோக் கெரா’ என்று அழைக்கும் குடுவைச் செடி பூச்சிகளைப் பிடித்து அக்குறையைத் தீர்த்துக்கொள்கிறது. அத்தகைய குடுவைகளை யாரோ பறித்துப் பாதையோரம் எறிந்திருந்தது மனத்தை உறுத்தியது.

பாதி வழியில் என் முழங்கால் மறுத்துவிட்டது. மகனும் வழிகாட்டியும் உச்சிக்குப் போக, நானும் பேத்தியும் ஒரு வேரின்மேல் அமர்ந்தோம். அதனால் நேர்ந்தது நன்மையே. ஆரவாரமின்றி இருந்த காட்டில் திடீரெனப் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக எங்களைக் கடந்தன. கருந்தலையும் வெள்ளிக் கன்னமும் மஞ்சள் கழுத்தும் கொண்ட ஒன்றைக் காட்டி, “தாத்தா, தமிழில் இதன் பெயர் என்ன?” என்று பேத்தி கேட்டாள். என்னிடம் விடை இல்லை. இதே இனம் இமயமலைச் சரிவுகளிலும் வாழ்கிறது என்றும், வெப்பமான சமவெளியில் வாழ இயலாததால் இத்தகைய பறவைகளுக்கு ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு போன்றது என்றும் திரும்பி வந்த வழிகாட்டி விளக்கினார். சில்வண்டு என்று நான் எண்ணியிருந்த ஓசையும் குக்குறுவான் வகைப் பறவை ஒன்றின் குரலாம்!

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், கேமரன் சுற்றுலாவில் ஒரு காலைப் பொழுதையாவது, உரிய அனுமதியோடும் வழிகாட்டியோடும், இந்தப் பாசிக் காட்டுக்கு ஒதுக்க வேண்டுகிறேன். தங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் வாரம் ஒரு மலைப்பறவையின் படத்தை வெளியிட்டு, அதற்கு ஏற்ற தமிழ்ப் பெயரை வாசகர்களிடமே கேட்டால், என் பேத்தி முதல் ஆளாக எழுதிப் போடுவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
தாப்பா, பேராக்.