ஆண்டு விழாவும் சாய்தளப் பாதையும்: பெற்றோர் கவனத்திற்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் இனிதே நிறைவடைந்துள்ளது. அரையாண்டுத் தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் பரிசு பெற்று நம் பள்ளிக்குப் பெருமை சேர்த்த மாணவர்களுக்கு வாழ்த்துகள்.

ஆண்டு விழா நெருங்கும் வேளையில் ஒரு செய்தியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. சென்ற வாரம் கலையரங்கில் நடந்த தீத்தடுப்பு ஒத்திகையில், மணி அடித்ததும் எல்லா வகுப்பினரும் வரிசையாக மைதானத்தை அடைந்துவிட்டனர். சக்கர நாற்காலியில் வரும் மாணவி மட்டும் பக்கவாட்டு வாசலிலேயே நிற்க நேர்ந்தது. சாய்தளப் பாதையின் அடியில், பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்த பெற்றோரின் இருசக்கர வாகனங்கள் ஹேண்டில் பூட்டப்பட்டு நெருக்கமாக நின்றன. துணைக்கு நின்ற ஆசிரியையால் ஒரு வண்டியைக்கூட நகர்த்த முடியவில்லை.

நாற்காலியோடு படியில் தூக்கிச் செல்லலாமே என்று சிலர் கேட்டனர். அச்சத்தில் கூட்டம் இறங்கும் படிக்கட்டில், பயிற்சியில்லாதவர்கள் அப்படித் தூக்குவது அந்தக் குழந்தைக்கும் பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து. தீயைவிட வேகமாகப் பரவுவது புகை. அதில் மூச்சுத்திணறியே பலர் இறக்கின்றனர். 1997இல் டெல்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் அவ்வாறு மாண்டபோது, கூடுதலாகப் போட்ட இருக்கைகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினர். கும்பகோணத்தில் 2004இல் நாம் பறிகொடுத்த 94 குழந்தைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆபத்துக் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் சமமான பாதுகாப்பு வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமே வலியுறுத்துகிறது.

எங்கள் பங்கிற்கு, உதவி தேவைப்படும் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு ஆசிரியர்களைப் பொறுப்பாக்கியுள்ளோம். மணியோசை கேட்காத மாணவர்களுக்காக அரங்க விளக்குகளை அணைத்து அணைத்துப் போடுவோம். பார்வையற்ற மாணவர்களை யாரும் கைபிடித்து இழுக்காமல், அவர்கள் ஆசிரியரின் முழங்கையைப் பற்றிக்கொள்ளுமாறு ஆசிரியர்கள் உடன் நடப்பார்கள்.

எனினும் வழி அடைபட்டிருந்தால் இவை எதுவும் பயன்படாது. ஆகவே ஒன்றை உறுதியாகத் தெரிவிக்கிறேன்: விழா நாளில் சாய்தளப் பாதையிலோ பக்கவாட்டு வாசலிலோ ஒரு வண்டி நின்றாலும், அது அகற்றப்படும் வரை நிகழ்ச்சி தொடங்காது. கைப்பேசியில் படம் எடுப்பதற்காக நடைவழியில் நாற்காலியை இழுத்துப் போடவும் அனுமதியில்லை. அது தலைமை விருந்தினருக்கும் பொருந்தும்.

உங்கள் பிள்ளையை மேடையில் காணும் ஆவலில்தான் முன்னே வருகிறீர்கள் என்பதை அறிவேன். வண்டிகளுக்கு மைதானத்தின் கிழக்குப் பகுதியை ஒதுக்கியுள்ளோம். நடக்க இயலாத தாத்தா, பாட்டியரையும் தயங்காமல் அழைத்து வாருங்கள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவித்தால் வாசலருகே இடம் ஒதுக்கித் தருவோம். ஒத்திகையன்று தாமாகவே முன்வந்து வண்டிகளை அப்புறப்படுத்த உதவிய பெற்றோருக்கும், வாகன ஒழுங்கைக் கவனிக்க இசைந்துள்ள பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் என் உளமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்