கட்டை அவிழ்க்கும் முன்

பாளையங்கோட்டை,
ஐப்பசி 9.

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் குறைவில்லாமல் வருகிறது, பிசான நடவுக்குக் கவலையில்லை என்று படித்ததும் வயிறு குளிர்ந்தது. இங்கே இரண்டு நாளாக வெறும் மூட்டம்தான், மழை இறங்கவில்லை. பேத்தி கல்யாணப் பேச்சு எதுவரை வந்திருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இப்போது பெட்டி விஷயம்.

சேரன்மகாதேவிக் கணக்குப்பிள்ளை வீட்டுத் தேக்குப்பெட்டியைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க வீட்டார் சம்மதித்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஓலை வேறு காகிதம் வேறாகப் பிரித்து வருஷவாரியாக அடுக்கப் போகிறேன் என்கிறீர்கள். கொடுப்பது நல்ல காரியம். பிரிப்பதுதான் வேண்டாம் அண்ணாச்சி.

ஒரே கட்டுக்குள் ஒரு கிரயச் சீட்டு (விற்பனைப் பத்திரம்), இரண்டு ஒற்றி (அடமானச் சீட்டு), ஒரு பாகப்பிரிவினை, நாலு தீர்வை (நிலவரி) ரசீது இருக்கிறது என்று வையுங்கள். பழைய சீட்டில் நான்கெல்லை இருக்கும், சர்வே நம்பர் இராது. ரசீதில் நம்பர் இருக்கும், எல்லை இராது. இரண்டும் ஒரே கயிற்றில் கிடப்பதுதான் இது அந்த வயல் என்பதற்குச் சாட்சி. வருஷவாரியாக அடுக்கினால் எட்டு காகிதமும் பத்திரமாக இருக்கும், சாட்சி மட்டும் போய்விடும். பிறகு எந்த ஆராய்ச்சியாளர் வந்தாலும் அதை மீட்க முடியாது.

நூலகத்துக்காரர்களே இதில் சறுக்குவது உண்டு. புத்தகம் ஒவ்வொன்றும் தனி ஆள். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பு முறைப்படி, பொருள்வாரியாக, எந்த அலமாரியில் வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆவணம் அப்படியில்லை, குடும்பத்தோடுதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஏட்டுக்கும் தனி நம்பர் போட்டு, இலக்கியம் ஒரு பக்கம், வைத்தியம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் வில்லுப்பாட்டு ஏடு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதே மறைந்துபோகும். சுடலைமாடன் கதை ஊருக்கு ஊர் மாறுவது உங்களுக்குத் தெரியாததா? ஊர் தெரியாத ஏட்டுக்குப் பாதி மதிப்புதான்.

ஆகவே, பெட்டியைத் திறந்ததும் கை வைக்காமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஓர் அடுக்கை எடுத்ததும் அடுத்த அடுக்கை அப்படியே இன்னொரு படம். ஒவ்வொரு கட்டின் மீதும் 'பெட்டி 1, அடுக்கு 2, கட்டு 7' என்று துண்டுத்தாள் வையுங்கள். ஒட்டக் கூடாது. மிருதுவான பென்சிலால்தான் எழுத வேண்டும். பால்பாயிண்ட் மை ஈரம் பட்டால் பக்கத்துத் தாளில் இறங்கிவிடும். வீட்டுப் பெரியவர்களை அருகில் உட்கார வைத்து, எது எந்த அறையில் இருந்தது, யார் கையெழுத்து என்று அவர்கள் சொல்வதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்தாலும் ஒரு நாளைக்கு இருபது கட்டுக்கு மேல் ஓடாது. ஓடவும் வேண்டாம்.

வருஷம் கணக்கிடுவதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். நம்ம பக்கத்துப் பழைய சீட்டுகளில் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணி முதல் தேதியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழிப் பாதிவரை 824 கூட்ட வேண்டும், சனவரி பிறந்தபின் 825. 'கொல்லம் 1052 தாது வருஷம் தை மாதம்' என்றிருந்தால் அது 1877 தொடக்கம். கண்ணை மூடிக்கொண்டு 824 கூட்டுகிறவர் 1876 என்று எழுதிவிடுவார். தாது வருஷப் பஞ்ச காலத்தில் நிலம் கைமாறிய சீட்டுக்கு இந்த ஒரு வருஷ வித்தியாசம் சின்னதில்லை. வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதால், கொல்லம் இல்லாமல் வெறும் 'தாது' என்றால் 1816, 1876, 1936 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். பக்கத்தில் பசலி, அதாவது வருவாய்த்துறைக் கணக்கு வருஷம், இருக்கிறதா பாருங்கள். பசலி சூலை 1-இல் தொடங்குவது. சூலை முதல் டிசம்பர் வரை 590, சனவரி முதல் சூன் வரை 591 கூட்ட வேண்டும். பசலி 1286 என்றிருந்தால் மேலே சொன்ன தை மாதத்தோடு சரியாகப் பொருந்தும். பட்டியலில் மூலத்தில் உள்ளதை அப்படியே ஒரு கட்டத்திலும், நீங்கள் கணக்கிட்டதை இன்னொரு கட்டத்திலும் எழுதுங்கள். கணக்கு தப்பினாலும் மூலம் நிற்கும்.

எண்களில் இன்னொரு கண்ணி. 1052 என்பது ௲௫௰௨ என்று எழுதியிருக்கும். ௭-ஐ எகரமாகவும் ௮-ஐ அகரமாகவும் படித்துவிட்டு, எழுத்துப்பிழை என்று இளசுகள் விட்டுவிடுகிறார்கள். தேதிக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵. இந்த மூன்றையும் தம்பி மகனுக்கு முதலில் பழக்குங்கள். அளவு விஷயத்திலும் அப்படித்தான். 'கோட்டை' என்ற சொல்லைக் கண்டதும் அரண்மனை, கொத்தளம் என்ற தலைப்பில் போட்டுவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்! நம்ம ஊர்க் கணக்கில் கோட்டை என்றால் 21 மரக்கால் நெல். அதே சொல் 'கோட்டை விதைப்பாடு' என்று வந்தால் நிலத்தின் அளவு. தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் அளவான கலத்துக்கு 12 மரக்கால். அந்த வாய்பாட்டை இங்கே போட்டால் மொத்தக் கணக்கும் கோணிப்போகும்.

ஓலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காய்ந்த ஓலையை வளைத்துப் பிரிக்காதீர்கள், நரம்போடு பிளக்கும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டியபிறகுதான் புல்தைலம் (ஓலைக்குத் தடவும் புல் எண்ணெய்). பஞ்சில் தொட்டு, நரம்பு ஓடும் திசையிலேயே, ஒரு தடவை மெலிசாக. வழியவிட்டால் தூசியெல்லாம் அதில் அப்பிக்கொண்டு எழுத்து அடைபடும். மை ஏற்றிய ஓலையில் மை கலைகிறதா என்று ஓரத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நைலான் கயிறு துளையை அறுக்கும். நூல் கயிறுதான் ஆகும், அதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. காகிதத்துக்குத் தைலம் அறவே ஆகாது.

காகிதத்தில் துருப்பிடித்த குண்டூசியை இழுத்து உருவாதீர்கள். தாளின் அடியில் பிளாஸ்டிக் துண்டைக் கொடுத்து, ஊசியை நெகிழ்த்தி எடுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டாம். சில வருஷத்தில் டேப் உதிர்ந்து பசை மட்டும் மஞ்சளாக நிற்கும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. சுற்றுவதற்குப் புதிய காடாத் துணி வாங்கினால், கொதிநீரில் அலசிக் கஞ்சியைப் போக்கிவிடுங்கள். அந்தக் கஞ்சிக்குத்தான் பூச்சி வரும். சிவப்புத் துணி வழக்கம் என்பார்கள். நனைந்தால் சாயம் முழுக்கத் தாளில் இறங்கும். அந்துருண்டையால் பூச்சி தற்காலிகமாக விலகுமே தவிர சாகாது, மூடிய அறையில் வேலை செய்பவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. அப்படி நனைந்தால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைத்தால் தாள் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். நனைந்த கட்டைப் பிரிக்காமல் பாலித்தீன் உறையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டால் அவசரம் தீர்ந்தது. தூத்துக்குடி மீன் குளிர்பதனக் கிடங்குகள் மைனஸ் 18 டிகிரியில் ஓடுகின்றன, அது போதும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, அச்சில்லாத வெள்ளைத்தாளை இடையில் கொடுத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்திக்கொள்ளலாம்.

கொடுக்கும்போது வாய்ப்பேச்சு வேண்டாம். நன்கொடைக் கடிதம் இரண்டு படி, கட்டுவாரிப் பட்டியலோடு. தொகுப்பைப் பிரிக்கக் கூடாது, ஸ்கேன் செய்த படி ஒன்று வீட்டுக்கு வர வேண்டும், கடன், குடும்ப வழக்கு சம்பந்தமான கட்டுகளை இத்தனை வருஷம் திறக்கக் கூடாது என்று அதிலேயே எழுதுங்கள். சேர்ப்புப் பதிவேட்டு எண்ணைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத பொருள் நூலகத்தில் இல்லாத பொருள். இன்றும் சொத்துக்கு ஆதாரமான மூலப்பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், படம் போதும். பரம்பரைக் கர்ணம் (கணக்குப்பிள்ளை) பதவி 1980-இல் ஒழிந்தது. அதற்கு முந்தைய அடங்கல், சிட்டா போன்ற சர்க்கார் நிலக்கணக்கு ஏதாவது உள்ளே இருந்தால் தனிப் பட்டியலாகக் காட்டுங்கள். அது குடும்பத்துச் சொத்தல்ல, பின்னால் கேள்வி வரும்.

ஸ்கேன் செய்கிறவர்களிடம் முதுகுப் பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். வெற்றுப்பக்கம் என்று விடுவதில்தான் விலைக்கணக்கும் வட்டிக்கணக்கும் ஒளிந்திருக்கும். நிறத்தோடு, 400 டிபிஐ-க்குக் குறையாமல், ஓரத்தில் அளவுகோல் வைத்து எடுக்கட்டும். பெட்டியின் அடியில் கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கொடைக்கு வரி கொடுத்தவர் பட்டியலும் வில்லுப்பாட்டுக் குழுவின் பெயரும் அதில்தான் இருக்கும். வருஷம் இராது, தேதியையும் கிழமையையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தால் எந்தெந்த வருஷமாக இருக்கலாம் என்று ஒதுங்கிவிடும்.

நம் ஜில்லாவைப் பற்றிய காகிதம் பர்மிங்காமில் எதற்கு என்று கேட்டீர்கள். சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. இரண்டும் நம் பக்கம் வேலை செய்த இங்கிலாந்துக் கிறிஸ்தவ மிஷன்கள். சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, எஸ்.பி.ஜி. உடையது ஆக்ஸ்போர்டில். சி.எம்.எஸ். மிஷனரி ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தது முதல் இங்கிருந்து போன கடிதங்களை அங்கேதான் தேட வேண்டும். கலெக்டர் ஆபீஸ் கடிதங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். இரண்டுமே ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியது. எந்த மடைக்கு யார் முறை, குத்தகை வாரம் எத்தனை கோட்டை நெல் என்று ஊர்க்காரன் எழுதியது தேக்குப்பெட்டியில்தான் இருக்கிறது.

பெட்டி இப்போது தரையிலா இருக்கிறது? நாலு செங்கல் வைத்து இன்றைக்கே ஏற்றுங்கள். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளியும் வையுங்கள், கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். ஞாயிற்றுக்கிழமை எடுத்த படங்களை எனக்கு அனுப்புங்கள், பட்டியலுக்கு மாதிரித்தாள் ஒன்று கோடு போட்டு அனுப்புகிறேன்.

மதினியிடம் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கூட்டாளி