பச்சை எரிந்தது, பம்ப் ஓடவில்லை

பெருந்துறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள குமரேசா,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. அக்கா மகளுக்கு ஈரோட்டிலேயே சீட் கிடைத்துவிட்டது. உன் மாமனார் வீட்டுத் தடத்து வழக்கு என்ன ஆயிற்று?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் இப்போது ஹெச்எம்ஐ புரோகிராமிங், அதாவது மெஷின் நிலவரம் காட்டும் அந்தத் திரைக்கு புரோகிராம் போடுவதைப் படிக்கிறேன். பாலிடெக்னிக்கில் லேடர் லாஜிக்கை எனக்கு மண்டையில் ஏற்றியவன் நீ, அதனால் உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். படிக்க வைத்தது எங்கள் ஆபரேட்டர் ராசண்ணனுக்கு நடந்த அநியாயம்.

நான் இருப்பது சாயப்பட்டறையின் கழிவுநீர்ப் பிளான்ட்டில். 2011 ஜனவரியில் கழிவுநீருக்காக ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது திருப்பூர் கிடந்த கோலத்தை நீயும் பார்த்தாய். கழிவுநீரைச் சுத்தமாக்கும் ஆர்.ஓ. நின்றால் சாயம் ஓட்டுவதும் நிற்கும். அதில் தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேனில் உப்பு படியாமலிருக்க ஆன்டிஸ்கேலன்ட் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அடிக்க ஒரு டோசிங் பம்ப் உண்டு. மாசியில் ஒரு ராத்திரி அது ட்ரிப் ஆகிவிட்டது. திரையில் பச்சை எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து பிரஷர் ஏறின பிறகுதான் தெரிந்தது. ஆசிட் விட்டுக் கழுவியும் சில மெம்பிரேன்கள் தேறவில்லை. பழி முழுக்க ராசண்ணன் தலையில். "பச்சைதானே தம்பி எரிஞ்சுது" என்று அவர் என்னிடம் மட்டும் சொன்னார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

லேப்டாப்பை மாட்டி புரோகிராமைத் திறந்தேன். யாரோ போட்டது. அந்தப் பச்சை விளக்குக்குக் கொடுத்திருந்த டேக், பம்பை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யின் அவுட்புட் பிட். 'ஓடு' என்று பி.எல்.சி. சொன்னதைத்தான் விளக்கு காட்டியது. ஓடியதா என்று கேட்க ஒரு ஒயர்கூட இழுக்கவில்லை!

இதையே தேடிப் படித்ததில் அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணு உலையில் போய் நின்றேன். 1979 மார்ச் 28. அழுத்தம் இறக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே மாட்டிக்கொண்டது. பேனலில் அதன் விளக்கு அணைந்துவிட்டது. வால்வை இயக்கும் சொலினாய்டுக்கு மின்சாரம் நின்றுவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். வால்வு மூடியதா என்பதை அது காட்டவே இல்லை. மூடிவிட்டது என்று நம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டிருக்கிறார்கள். உலையின் மையத்தில் ஒரு பகுதி உருகிப்போனது. படித்துவிட்டு வெகுநேரம் தூங்கவில்லை. அங்கேயும் ஒரு ராசண்ணன் உட்கார்ந்திருப்பார் இல்லையா?

இங்கே முதலில், மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்சான காண்டாக்டர் இழுத்ததா என்று சொல்லும் ஆக்சிலரி கான்டாக்டை பி.எல்.சி. இன்புட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டளை போய் ஐந்து வினாடிக்குள் அந்த சிக்னல் வராவிட்டால் அலாரம். சோதிக்கலாம் என்று மோட்டாரைக் காக்கும் பிரேக்கரான எம்.பி.சி.பி.யைக் கையால் தட்டி ஆஃப் செய்தேன். திரை அப்படியே பச்சை! காண்டாக்டர் இழுத்தபடிதானே நிற்கிறது, மோட்டாருக்குத்தான் கரன்ட் இல்லை. அப்புறம் எம்.பி.சி.பி.யின் ஆக்சிலரியையும் எடுத்தேன். மோட்டார் சுற்றியும் காற்றடைத்து மருந்து போகாமல் இருக்கலாமே என்று டோசிங் லைனில் ஃப்ளோ சென்சரும் போட்டேன். பம்ப் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ஒரு பல்ஸ் வரும். பல்ஸ் வந்தால்தான் பச்சை. கட்டளை மட்டும் போயிருந்தால் மஞ்சள். நின்றால் சாம்பல்.

தமிழில் எழுத்துப் போடத்தான் உயிர் போனது. கொம்பும் காலும் இடம் மாறி, 'கொதிகலன்' என்பதை யாராலும் படிக்க முடியவில்லை. கடைசியில் ஒவ்வொரு சொல்லையும் படமாக்கி ஒட்டினேன். 'மருந்து போகவில்லை' என்று பெரிதாக வருகிறது. நைட் ஷிஃப்ட்டில் இருக்கும் ஒடிசாப் பையனுக்கு என்ன செய்வது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

இப்போது புதுத் தலைவலி. எமர்ஜென்சி ஸ்டாப்பையும் திரையிலேயே ஒரு சிவப்புப் பட்டனாக வைத்துவிடு, ஒயரிங் செலவு மிச்சம் என்கிறார் மேனேஜர். திரை உறைந்தால்? கேபிள் பிடுங்கிக்கொண்டால்? முடியாது என்று சொல்லிவிட்டேன். கையால் அடித்து நிறுத்தும் நிஜமான காளான் பட்டன் வேண்டும், அதன் ஒயர் கன்ட்ரோல் சர்க்யூட்டையே வெட்ட வேண்டும். என் பிடிவாதம் உனக்குத் தெரியும். ஆனாலும் நீயும் ஒரு வார்த்தை எழுது, அவரிடம் காட்டுகிறேன். ஓசூர் கம்பெனிக்காரன் எழுதினால் அவருக்கு மரியாதை.

ஆடிக்கு வரும்போது உன் யு.எஸ்.பி. டு 485 கன்வெர்ட்டரை மறக்காமல் எடுத்து வா. தண்ணீரின் உப்பை அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டர், மோட்பஸ் கேபிள் வழியாக ஏதேதோ எண் காட்டுகிறது. ஒரு எண்ணை இரண்டாகப் பிரித்து அனுப்பும் இரண்டு ரெஜிஸ்டரும் முன்பின்னாக வருகிறது என்று நினைக்கிறேன். ராசண்ணன் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டிக் கதையை மட்டும் அவரிடம் எடுத்துவிடாதே.

உன்,
செல்வம்