மச்சத்தை எடுக்குமுன் மணப்பெண்ணைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்யாண ஆல்பங்களில் எல்லா முகமும் ஒரே மாதிரி வெளுத்துக் கிடப்பதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குறை உண்மைதான். ஆனால் பழியை போட்டோஷாப் மேலும் காசுக்கு ஆசைப்படும் ஸ்டூடியோக்காரர்கள் மேலும் போட்டுவிட்டு முடித்திருக்கிறார்கள். விருதுநகரில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டச்சிங், அதாவது படத்தில் முகத்தைத் திருத்தும் வேலை, கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து போட்டோகிராபர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பவர் 1855 பாரிஸ் கண்காட்சியிலேயே நெகட்டிவில் டச் செய்த படத்தைக் காட்டி அசத்தியிருக்கிறார். ஃபிலிம் காலத்தில் என் அப்பா செய்ததும் அதே வேலைதான். சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் கறுப்பு வெள்ளை தலைகீழ் என்பதால், பென்சில் ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழுள்ள சுருக்கமும் அப்படித்தான் மறையும். கொஞ்சம் கூடினாலும் முகம் மாவு பூசியதுபோல ஆகிவிடும். கண்ணும் கையும் வலிக்கும் வேலை என்பதால் அளவு தானாகவே இருந்தது. இப்போது ஒரு படத்தில் செய்ததை நூறு படத்துக்கு அப்படியே ஏற்றிவிடலாம். வலி போனதோடு அளவும் போய்விட்டது.

“கறுப்பா விழுந்துடுச்சு” என்று வாடிக்கையாளர் சொன்னால், பல நேரம் அது நியாயமான புகார். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கிறார். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். மாநிற முகம் இருண்டுபோகும். அந்த முகத்தை வெளிச்சமாக்குவது பொய்யல்ல, எங்கள் கடமை. எதுவரை என்றால், கழுத்தும் தாலி கட்டும் கையும் முகத்தோடு ஒத்துப்போகும் வரை. அதைத் தாண்டிய ஆல்பங்களில் முகம் ஒருவருடையதாகவும் கை இன்னொருவருடையதாகவும் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கட்டுரையாளர் தவறவிட்டது இங்கேதான். வாடிக்கையாளர் கேட்கிறார், கடைக்காரர் செய்கிறார் என்கிறார். வாடிக்கையாளர் யார்? காசு கொடுப்பவர் ஒருவர், முகம் இன்னொருவருடையது. “பொண்ணை இன்னும் கொஞ்சம் கலராக்குங்க தம்பி” என்று சொல்வது பெரும்பாலும் மணப்பெண் அல்ல; அத்தையோ, பெரியம்மாவோ, சம்பந்தி வீட்டாரோ. பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளமாக எழுதிய மச்சத்தைக்கூட எடுக்கச் சொல்கிறார்கள், அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

பிரான்சில் 2017 அக்டோபர் முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றினால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது தோல் நிறத்தைத் தொடவில்லை. கல்யாண ஆல்பம் விளம்பரமும் இல்லை. நம் ஊர் விஷயத்தை நாம்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

எங்கள் கடையில் பரு, ஷேவிங் கீறல், தூக்கமில்லாத கண்ணின் கருவளையம் எல்லாம் கேட்காமலே போகும். சில நாளில் தானாகவே போகிறவைதானே. மச்சம், தழும்பு, நிறம், மூக்கு இதெல்லாம் சம்பந்தப்பட்டவர் தன் வாயால் சொன்னால் மட்டும். இதனால் ஆர்டர் கைவிட்டுப் போவதும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஆல்பம் பிரிண்டுக்குப் போகுமுன் நாலைந்து படத்தை மணமக்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி ஓகே வாங்கிவிட்டால் பாதிச் சண்டை வருவதில்லை. பெரியவர்களும், பொண்ணே சரின்னு சொல்லிட்டாளா, அப்புறம் என்ன, என்று விட்டுவிடுகிறார்கள்.

வாசகர்களுக்கு ஒன்று. ஆல்பத்துக்கு யார் ஓகே சொல்ல வேண்டும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள். டச் செய்யாத ஃபைல்களையும் ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோக்காரர், விருதுநகர்.